நெட்வொர்க் மானிட்டரிங் சர்வரும் அதன் டேட்டாபேஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நடுத்தர கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலை, ஓசூரில் ஒரு கிடங்கு, கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஆபீஸ். எது விழுந்தாலும் போன் எனக்குத்தான் வரும். இதே வேலையில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாக இருக்கிறோம். மானிட்டரிங் சர்வர் போடுவது பற்றி மாதத்துக்கு ஒருவராவது அதே சந்தேகத்தோடு வருவார், நானும் அதே பதிலைத் தட்டிக்கொண்டிருப்பேன். விரல் வலி தாங்காமல் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

கீழே பாதிக்கு மேல் டேட்டாபேஸ் பற்றித்தான் இருக்கும். சாஃப்ட்வேரை ஒரு மத்தியானத்தில் நிறுவிவிடலாம். ஆறு மாதம் கழித்து அதைச் சாகடிப்பது எப்போதும் டேட்டாபேஸ்தான்.

அண்ணா, மானிட்டரிங் சர்வர்னா சரியா என்ன செய்யும்? நானே பிங் அடிச்சுப் பார்த்துக்கிறேனே, போதாதா?

பிங் அடித்தால் இப்போது உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் தெரியும். போன செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு பீன்யா லைன் ஏன் நத்தை மாதிரி ஓடியது என்று மேனேஜர் கேட்டால் பிங்கிடம் பதில் இல்லை. மானிட்டரிங் சர்வர் ஒவ்வொரு ஸ்விட்ச், ரௌட்டர், சர்வர், யுபிஎஸ்ஸிடமும் குறிப்பிட்ட இடைவெளியில் போய் "எப்படி இருக்கே?" என்று கேட்டு, பதிலை நேரத்தோடு எழுதி வைக்கும். பதில் சரியில்லை என்றால் உங்களை எழுப்பும். கேட்பது, எழுதுவது, எழுப்புவது என்று மூன்றே வேலை. நடுவில் இருக்கும் எழுதும் வேலைக்குத்தான் டேட்டாபேஸ்.

எந்த சாஃப்ட்வேர் போடலாம்? ஃப்ரீன்னு சொல்லி அப்புறம் பில் அனுப்புவாங்களா?

நான் போட்டிருப்பது ஜாபிக்ஸ். இந்தப் பக்கம் முழுக்க அதை வைத்தே பேசுகிறேன். லாட்வியா நாட்டின் ரீகாவில் அலெக்ஸி விளாடிஷேவ் என்பவர் 1998இல் வங்கி வேலைக்கு நடுவே எழுத ஆரம்பித்தது, 2001இல் வெளியே வந்தது. காசு கொடுத்தால்தான் முழு வசதி என்ற இரட்டைப் பதிப்பு கிடையாது. 7.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தபோது லைசென்ஸை ஜிபிஎல் இரண்டிலிருந்து ஏஜிபிஎல் மூன்றுக்கு மாற்றினார்கள், இரண்டுமே திறமூல உரிமங்கள்தான். ஆபீசுக்குள் நம் பெட்டிகளைப் பார்க்க ஓட்டுபவர்களுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை. ஆதரவு ஒப்பந்தம், பயிற்சி வேண்டுமானால்தான் காசு.

நாகியோஸ், லிப்ரென்எம்எஸ், ப்ரோமீத்தியஸ் என்று வேறு நல்லவையும் உண்டு. வெறும் ஸ்விட்சுகள் மட்டும்தான் என்றால் லிப்ரென்எம்எஸ் இன்னும் சீக்கிரம் எழுந்து நிற்கும். எது சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

எம்ஆர்டிஜி, கேக்டி எல்லாம் சின்ன ஃபைல்லயே கிராஃப் போடுதே. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய டேட்டாபேஸ்?

நல்ல கேள்வி, குழுவில் பாதிப் பேருக்கு இதுதான் புரியவில்லை. டிராஃபிக் கிராஃப் போடும் எம்ஆர்டிஜியை டோபியாஸ் ஓட்டிகர் 1995இல் எழுதினார், பிறகு அதன் சேமிப்பு முறையை ஆர்ஆர்டிடூல் என்று தனியாகப் பிரித்தார். அந்த ஃபைல் ஒரு வட்டம் மாதிரி. அளவு முதல் நாளே முடிவாகிவிடும். புதியது வரும்போது பழையது சராசரியாகச் சுருங்கும், கடைசியில் மறையும். டிஸ்க் நிரம்பவே நிரம்பாது.

அதற்குக் கொடுக்கும் விலை, பழைய விவரம் மழுங்கிப்போவது. மூன்று வாரத்துக்கு முன் இரண்டே நிமிடம் லைன் முழுக்க அடைத்தது என்றால் சராசரியில் அது கரைந்திருக்கும். ஜாபிக்ஸ் வாங்கிய ஒவ்வொரு மதிப்பையும் அப்படியே ஒரு வரியாக எழுதுகிறது, இது ஹிஸ்டரி. கூடவே எண் மதிப்புகளுக்கு மட்டும் மணிக்கு ஒரு வரி: அந்த மணியின் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, எண்ணிக்கை. இது ட்ரெண்ட்ஸ். இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி வரும்.

பழைய டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா கிடக்கு சார். அதுல போடலாமா?

பத்து ஸ்விட்ச், ஐந்து சர்வர் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள். மானிட்டரிங் டேட்டாபேஸ் விடாமல் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். அதோடு, படிக்கப்போகும் இடம் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும். பிராசஸர் வேகத்தைவிட இதுதான் முக்கியம். மெமரி 8 ஜிபி இருந்தால் போதும், 16 இருந்தால் நிம்மதி.

விர்ச்சுவல் மெஷினில் போடுவதும் சரிதான். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் கண்காணிக்கும் முக்கிய சர்வர்கள் ஓடும் அதே ஹோஸ்ட்டில் (விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் நிஜ மெஷின்) வைக்காதீர்கள். அந்த ஹோஸ்ட் விழுந்தால் விழுந்த செய்தியைச் சொல்ல வேண்டியதும் கூடவே விழும்.

மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா? சீக்கிரம் சொல்லுங்க, இன்ஸ்டால் ஸ்க்ரீன்ல நிக்கிறேன்.

இரண்டுமே டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்தான், எது உங்களுக்குக் கைவந்ததோ அது. ராத்திரி 2 மணிக்கு டேட்டாபேஸ் எழ மறுத்தால் எதை எழுப்பத் தெரியும் என்று யோசியுங்கள், அதைப் போடுங்கள். மரியாடிபியும் ஓடும். எஸ்கியூலைட் சர்வருக்கு ஆகாது, ப்ராக்ஸிக்கு (பிராஞ்ச்சில் வைக்கும் துணைப் பெட்டி, கீழே வரும்) மட்டும்தான்.

இரண்டும் சமமாகத் தெரியும் என்பவர்களுக்கு என் ஓட்டு போஸ்ட்கிரெஸ்ஸுக்கு. காரணம் டைம்ஸ்கேல்டிபி என்ற துணைச்செருகல், அதை ஜாபிக்ஸே நேரடியாக ஆதரிக்கிறது. அதன் அருமை கீழே ஹவுஸ்கீப்பர் கேள்வியில் புரியும்.

இன்ஸ்டால் பண்ணும்போது எல்லாரும் எந்த இடத்துல மாட்டுறாங்க?

நான் பார்த்தவரை நான்கு இடங்கள். முதலாவது எழுத்துக் குறியீட்டு முறை. மைஎஸ்கியூஎல்லில் டேட்டாபேஸை உருவாக்கும்போதே யுடிஎஃப்8எம்பி4 என்றும், ஒப்பீட்டு முறை அதன் பைனரி வகை என்றும் கொடுக்க வேண்டும். சும்மா உருவாக்கிவிட்டால் பிறகு முகப்பில் (பிரவுசரில் திறக்கும் ஜாபிக்ஸ் பக்கம்) எச்சரிக்கை வரும். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய டேபிள்களை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

இரண்டாவது, டேபிள்களை இறக்குமதி செய்யும் கட்டம். பைனரி லாக் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஃபைல்) இயங்கும் மைஎஸ்கியூஎல்லில் சாதாரண பயனரால் ட்ரிகர், ஃபங்ஷன் (டேட்டாபேஸுக்குள் ஓடும் சின்ன நிரல்கள்) உருவாக்க முடியாமல் பிழை வரும். அதற்கென்று இருக்கும் 'ஃபங்ஷன் உருவாக்குபவரை நம்பு' என்ற அமைப்பை 1 ஆக்கி, இறக்குமதி முடிந்ததும் 0 ஆக்கிவிடுங்கள். இறக்குமதி ஓடும்போது திரையில் ஒன்றுமே வராது, சில நிமிடங்கள் கல் மாதிரி நிற்கும். நின்றுவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர். அப்படிச் செய்துவிட்டால் ஒட்டுப்போட முயலாதீர்கள். டேட்டாபேஸை மொத்தமாக நீக்கிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

மூன்றாவது, சர்வர் கட்டமைப்பு ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வரி. முன்னால் ஒரு ஹாஷ் குறி இருக்கும். பாஸ்வேர்டை ஒழுங்காக எழுதிவிட்டுக் குறியை எடுக்க மறப்பார்கள். நான்காவது, முகப்பின் நேர மண்டலம். ஏசியா கொல்கத்தா என்று தேர்ந்தெடுக்காவிட்டால் கிராஃப் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும், நீங்கள் பேயைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் முறை உள்ளே போனதும் அட்மின் பயனரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆரம்ப பாஸ்வேர்ட் என்னவென்று உலகத்துக்கே தெரியும். டேட்டாபேஸ் அதே மெஷினில் இருந்தால் 3306 அல்லது 5432 போர்ட்டை வெளியே திறக்கவே வேண்டாம்.

எல்லாம் முடிச்சேன், ஆனா முகப்புல "ஜாபிக்ஸ் சர்வர் ஓடவில்லை"ன்னு வருது. ஓடிக்கிட்டுதானே இருக்கு?

ஓடுகிறதா என்று ஊகிக்காமல் சர்வர் லாக் ஃபைலின் கடைசி முப்பது வரிகளைப் படியுங்கள். டேட்டாபேஸுக்குள் நுழைய முடியவில்லை என்று இருந்தால் மேலே சொன்ன ஹாஷ் குறி. லாக்கில் எல்லாம் நன்றாக இருந்தும் முகப்பு மட்டும் புலம்பினால், ரெட்ஹேட் வகை லினக்ஸில் தொண்ணூறு சதவீதம் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவலாளிதான். வெப் சர்வரை 10051 போர்ட்டோடு பேச அது விடவில்லை. அதற்குத் தனி அனுமதி ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தால் போதும். எஸ்இலினக்ஸையே அணைக்கும் பழக்கம் வேண்டாம்.

பல மாதம் நன்றாக ஓடி, புதிதாக நிறைய ஸ்விட்ச் சேர்த்த அன்று திடீரென்று நின்றால் அது வேறு கதை. கட்டமைப்பை வைத்திருக்கும் கேச் நிரம்பினால் சர்வர் தானே நின்றுவிடும். எந்த அளவைக் கூட்ட வேண்டும் என்று லாக்கே சொல்லும்.

டிஸ்க் எவ்வளவு வேணும்னு ஒரு கணக்கு சொல்லுங்களேன். சும்மா 500 ஜிபி கேட்டா ஃபைனான்ஸ்ல முறைக்கிறாங்க.

கணக்கோடு போனால் முறைக்க மாட்டார்கள். ஹிஸ்டரியில் ஒரு எண் மதிப்புக்கு ஏறக்குறைய 90 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 போர்ட் ஸ்விட்ச் இருபது இருக்கிறது. மொத்தம் 960 போர்ட். ஒரு போர்ட்டுக்கு உள்ளே வந்தது, வெளியே போனது, பிழைகள், நிலை, வேகம் என்று 9 விஷயம் கேட்கிறோம் என்றால் 8,640 ஐட்டம் (கேட்கும் ஒவ்வொரு விஷயமும் ஒரு ஐட்டம்). எல்லாவற்றையும் நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் விநாடிக்கு 144 மதிப்பு, நாளைக்கு ஒரு கோடியே 24 லட்சம் வரி. டிஸ்க்கில் நாளுக்குச் சுமார் 1.1 ஜிபி, முப்பது நாளுக்கு 34 ஜிபி. இருபது ஸ்விட்சுக்கே இவ்வளவு!

அதையே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றுங்கள். முப்பது நாளுக்கு 7 ஜிபிக்கும் கீழே வந்துவிடும். ட்ரெண்ட்ஸுக்கு இடைவெளி பற்றிக் கவலை இல்லை, எப்படியும் மணிக்கு ஒரு வரிதான். 8,640 ஐட்டத்துக்கு ஒரு வருடத்து ட்ரெண்ட்ஸ் சுமார் 6.8 ஜிபி. ஆகவே என் வழக்கம்: ஹிஸ்டரி 14 முதல் 30 நாள், ட்ரெண்ட்ஸ் இரண்டு வருடம். வருகிற டிஸ்க் கணக்கை இரண்டால் பெருக்கிக் கேளுங்கள். இன்டெக்ஸ், நிகழ்வுகள், பைனரி லாக், பேக்கப் எல்லாம் அதே இடத்தில்தான் உட்காரும்.

இன்னொரு சிக்கனம். போர்ட் நிலை, வேகம் போன்றவை மாதக்கணக்கில் மாறாது. அவற்றுக்கு 'மாறாத மதிப்பை எறிந்துவிடு, மணிக்கு ஒரு முறை மட்டும் எழுது' என்று முன்செயலாக்கத்தில் சொல்லலாம். கேட்பது நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கும், எழுதுவது மட்டும் குறையும். அப்புறம், காலியாகக் கிடக்கும் போர்ட்டுகளை எதற்கு எண்ண வேண்டும்? போர்ட்டுகளைத் தானே கண்டுபிடிக்கும் டிஸ்கவரியின் வடிகட்டியில் அவற்றை விலக்குங்கள். என்னிடம் பாதி ஐட்டம் இப்படியே போனது.

டிஸ்க் ஃபுல். ஹிஸ்டரில இருந்து பழைய வரியெல்லாம் அழிச்சேன். ஆனா டிஸ்க் இன்னும் ஃபுல்லாவே காட்டுதே?

இந்தக் குழியில் நானே விழுந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வந்த வருடம், பொங்கலுக்கு ஊருக்குப் போக மடிவாளாவில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு டிஸ்க் 97 சதவீதம் என்று செய்தி வந்தது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூன்று மாத ஹிஸ்டரியை அழிக்கச் சொன்னேன். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் டிஸ்க் 100 ஆகிவிட்டது. குறையவில்லை, கூடியது. அழிப்பதையும் டேட்டாபேஸ் தன் லாக்கில் எழுத வேண்டும் அல்லவா?

வரியை அழித்தால் இடம் அந்த டேபிளுக்குள் காலியாகும், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரும்பாது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியும் அப்படித்தான், போஸ்ட்கிரெஸ்ஸில் அழித்த வரிகளைத் துடைக்கும் சாதாரண வேக்யூமும் பெரும்பாலும் அப்படித்தான். புதிய மதிப்புகள் அந்தக் காலி இடத்தில் உட்காரும், அதனால் இனி வளராது, ஆனால் சுருங்கவும் செய்யாது. சுருக்க வேண்டுமானால் டேபிளை மறுபடி கட்ட வேண்டும். அதற்கு டேபிள் அளவுக்குக் காலி இடம் வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிளை மறுபடி கட்டும் வேக்யூம் ஃபுல் போட்டால் முடியும்வரை டேபிள் பூட்டிக் கிடக்கும். முழு டிஸ்க்கில் இது நடக்காத காரியம். அன்று கடைசியில் நான் ஹிஸ்டரி டேபிளை மொத்தமாகக் காலி செய்தேன். அது நொடியில் இடத்தைத் திருப்பித் தரும். ட்ரெண்ட்ஸ் தனி டேபிள் என்பதால் பழைய கிராஃப் மணிக்கணக்கிலாவது மிஞ்சியது. டிஸ்க் 70 சதவீதம் ஆனதும் முதல் எச்சரிக்கை வரும்படி வையுங்கள், 97இல் வந்து பயனில்லை.

மணிக்கு ஒரு தடவை எல்லாமே ஜவ்வு மாதிரி இழுக்குது. லாக்ல ஹவுஸ்கீப்பர்னு இருக்கு. அவரை வேலையை விட்டு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் வேலையை வேறு ஒருவர் செய்ய வேண்டும். ஹவுஸ்கீப்பர் என்பது காலாவதியான வரிகளை அழிக்கும் உள்வேலை. வழக்கமாக மணிக்கு ஒரு முறை ஓடும். மேலே பார்த்த கணக்குப்படி நாளைக்கு ஒரு கோடி வரி உள்ளே வந்தால், ஒரு கோடி வரி வெளியேயும் போக வேண்டும். வரி வரியாக அழிப்பது டேட்டாபேஸுக்குப் பெரிய தண்டனை.

தீர்வு, டேபிளை நாள்வாரியாகத் துண்டு போடுவது. பழைய நாளைத் தூக்க வேண்டுமென்றால் அந்தத் துண்டையே கழற்றி எறியலாம். ஒரு நொடி வேலை, டிஸ்க்கும் உடனே குறையும். மைஎஸ்கியூஎல்லில் பார்ட்டிஷன் செய்து, தினமும் புதியதை உருவாக்கிப் பழையதை நீக்கும் ஸ்கிரிப்ட்டை நீங்களே ஓட்ட வேண்டும். ஹிஸ்டரி, ட்ரெண்ட்ஸ் இரண்டுக்கும் முகப்பில் ஹவுஸ்கீப்பரை அணைத்துவிட வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் நின்றுபோனால் எழுதப் பார்ட்டிஷன் இல்லாமல் எல்லாம் நிற்கும், ஆகவே அதற்கும் ஒரு எச்சரிக்கை வையுங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் டைம்ஸ்கேல்டிபி போட்டால் இதை ஜாபிக்ஸே பார்த்துக்கொள்ளும். ஒரு இடத்தில் மட்டும் ஏமாறுவார்கள். ஹவுஸ்கீப்பிங் பக்கத்தில் 'ஐட்டம் வாரியான கால அளவை மேலெழுது' என்ற பெட்டியை ஹிஸ்டரிக்கும் ட்ரெண்ட்ஸுக்கும் டிக் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் துண்டாகத் தூக்காது. செய்தால் எல்லா ஐட்டத்துக்கும் ஒரே கால அளவுதான். பழைய டேட்டாவை அழுத்திச் சுருக்கும் வசதியும் இருக்கிறது, ஏழு நாளுக்கு முந்தையதை அது பார்த்துக்கொள்ளும்.

டேட்டாபேஸ் மெதுவா இருக்கு. வேகமாக்க ஏதாவது ஒரே ஒரு செட்டிங் சொல்லுங்க.

ஒன்றுதான் என்றால், டேட்டாவைக் கைவசம் வைத்துக்கொள்ள டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் மெமரி. மைஎஸ்கியூஎல்லின் பஃபர் பூல், போஸ்ட்கிரெஸ்ஸின் ஷேர்ட் பஃபர்ஸ், இரண்டுமே சும்மா விட்டால் 128 எம்பி. யாரும் மாற்றுவதே இல்லை! 16 ஜிபி மெஷினில் சர்வர், முகப்பு, மைஎஸ்கியூஎல் மூன்றும் இருந்தால் பஃபர் பூலுக்கு 6 முதல் 8 ஜிபி கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கேச்சையும் நம்பி ஓடும், அதற்கு 4 ஜிபி போதும்.

இன்னொன்று, ஒவ்வொரு கமிட்டையும் உடனே டிஸ்க்கில் அழுத்தி எழுதாமல் நொடிக்கு ஒரு முறை எழுதச் சொல்வது. கரண்ட் போனால் கடைசி ஒரு நொடி டேட்டா போகும். வங்கிக் கணக்குக்கு இது கூடாது, ஸ்விட்ச் டிராஃபிக்குக்குப் பரவாயில்லை.

ஒரு ஜிகாபிட் லைன்ல டிராஃபிக் கிராஃப் ரம்பம் மாதிரி ஏறி இறங்குது. சில சமயம் நிஜத்தைவிடக் கம்மியாவும் காட்டுது. ஸ்விட்ச் பழுதா?

ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, நீங்கள் பழைய 32 பிட் கவுண்டரைக் கேட்கிறீர்கள். ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் கடந்துபோன பைட்டை எண்ணிக்கொண்டே போகும், ஆட்டோ மீட்டர் மாதிரி. 32 பிட் கவுண்டர் 429 கோடி சொச்சத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். ஒரு ஜிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடியில் ஒரு சுற்று முடியும். நீங்கள் நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தால் நடுவில் எத்தனை சுற்று போனது என்று யாருக்குத் தெரியும்? 100 மெகாபிட் காலத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்தே முக்கால் நிமிடம் ஆனது, அதனால் பழைய ஆட்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது.

64 பிட் கவுண்டருக்கு மாறுங்கள். அது, ஸ்விட்ச்சிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்என்எம்பி நெறிமுறையின் முதல் வெர்ஷனில் வராது, 2சி அல்லது 3 வேண்டும். முடிந்தால் 3, பாஸ்வேர்டும் மறையாக்கமும் அதில்தான். அப்புறம், கவுண்டர் தருவது பைட், லைன் விற்கப்படுவது பிட்டில். எட்டால் பெருக்க மறந்துவிட்டு லைன் காலியாகத்தான் இருக்கிறது என்று இணைய சேவைக்காரரோடு சண்டை போட்டவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

ஸ்விட்ச்சை ரீபூட் பண்ணினதும் 12ஆம் போர்ட் கிராஃப்ல 14ஆம் போர்ட் டேட்டா வருது. பில்லி சூனியமா?

போர்ட்டுக்கு ஸ்விட்ச் உள்ளுக்குள் கொடுக்கும் எண் ரீபூட்டிலோ, புதிய மாட்யூல் செருகும்போதோ மாறலாம். ஜாபிக்ஸ் அந்த எண்ணை வைத்துத்தான் கேட்கிறது. பல ஸ்விட்சுகளில் எண்ணை நிலையாக வைக்கும் அமைப்பு இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஓசூர் பிராஞ்ச் லைன் அடிக்கடி அறுந்துடுது. அந்த நேரத்து டேட்டா எல்லாம் போச்சா?

அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ யாராவது ரோட்டைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள், ஃபைபர் அறுவதை நம்மால் தடுக்க முடியாது. பிராஞ்ச்சில் ஒரு ப்ராக்ஸி வையுங்கள். அது அங்கேயே எல்லாவற்றையும் கேட்டு, தன் சின்ன டேட்டாபேஸில் எழுதி, லைன் இருக்கும்போது தலைமை சர்வருக்கு அனுப்பும். இதற்கு எஸ்கியூலைட் போதும். லைன் வந்ததும் பழைய மதிப்புகள் அவற்றின் சரியான நேரத்தோடு வந்து சேரும், கிராஃபில் ஓட்டை விழாது.

ஆனால் ஆஃப்லைன் பஃபர் வழக்கமாக ஒரு மணி நேரம்தான். ஃபைபர் அறுந்தால் ஒரு மணியில் ஒட்டவா போகிறார்கள்? 24 மணியாவது வையுங்கள், நான் 72 வைத்திருக்கிறேன். ராஸ்பெரி பை போன்ற சின்னப் பெட்டியை ப்ராக்ஸியாக வைக்கலாம், மெமரி கார்டில் மட்டும் எழுத விடாதீர்கள். தொடர்ந்து எழுதினால் கார்டு செத்துவிடும். ஒரு சின்ன எஸ்எஸ்டி போதும்.

ராத்திரி ஒரு ஸ்விட்ச் போச்சு, 300 மெசேஜ் வந்துச்சு. வீட்டுக்காரம்மா போனைத் தூக்கி எறியாத குறை.

முதலில் டிபெண்டென்சி. நடுவில் இருக்கும் கோர் ஸ்விட்ச்சுக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் அதைச் சார்ந்தவை என்று சொல்லிவிட்டால், கோர் விழும்போது ஒரே ஒரு செய்திதான் வரும். அடுத்து, ஒரு பிங் தவறியதற்கெல்லாம் கத்த விடாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லை என்றால் மட்டும். ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் வேறாக வையுங்கள்: சிபியு 90 தாண்டினால் பிரச்சினை, 75க்குக் கீழே வந்தால்தான் சரியாயிற்று. இரண்டும் 90 என்றால் 89, 91 என்று ஊஞ்சலாடும் ஒவ்வொரு முறையும் ஒரு செய்தி வரும்.

அப்புறம் ஆயுத பூஜை. பீன்யாவில் மெயினை அணைத்து, மெஷின்களைக் கழுவித் துடைத்து, சர்வர் ரேக்குக்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அன்று எனக்கு வந்த எச்சரிக்கைகளை எண்ணவில்லை. மெயின்டனன்ஸ் காலம் என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் அந்த நேரத்தில் வாய் திறக்காது. டேட்டாவைச் சேகரித்துக்கொண்டே அமைதியாக இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்டர்நெட்டே போயிட்டா டெலிகிராம் எப்படி வரும்? எஸ்எம்எஸ் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நம் நாட்டில் எஸ்எம்எஸ் கேட்வே (நமக்காக எஸ்எம்எஸ் அனுப்பும் இணைய சேவை) வழியாக நினைத்ததை அனுப்ப முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி கம்பெனி, அனுப்புநர் பெயர், செய்தி வார்ப்பு (டெம்ப்ளேட்) மூன்றையும் தொலைத்தொடர்பு கம்பெனிகளின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வார்ப்போடு பொருந்தாத செய்தி பாதியிலேயே தடுக்கப்படும். எச்சரிக்கை வாசகம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு குட்டி வார்ப்பை முதலில் யோசித்துப் பதிவு செய்யுங்கள்.

கேட்வேக்கும் இன்டர்நெட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். என்னிடம் வேறொரு இணைய சேவை கம்பெனியின் 4ஜி லைன் ஒன்று மானிட்டரிங் சர்வருக்கென்றே இருக்கிறது. டெலிகிராம் அதன் வழியாகப் போகும்.

ஆடிட்ல 180 நாள் லாக் கேக்குறாங்க. நீங்க ஹிஸ்டரி 30 நாள் போதும்னு சொன்னீங்களே?

இரண்டும் வேறு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை சிஸ்டம் லாக்குகளை 180 நாள், இந்திய எல்லைக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. ஃபயர்வால், ரௌட்டர், சர்வர் எழுதும் லாக்குகளைத்தான் ஆடிட்டர் முதலில் தேடுவார். ஸ்விட்ச் டிராஃபிக் எண்கள் அந்த வகையில் வராது. லாக்கை ஜாபிக்ஸ் டேட்டாபேஸில் திணிக்காதீர்கள். மேலே போட்ட டிஸ்க் கணக்கு பல மடங்காகும். லாக்குகளை மட்டும் சேர்த்து வைக்கும் தனி சிஸ்லாக் சர்வர் போடுங்கள்.

அதே ஆணையில் நேரம் பற்றியும் இருக்கிறது. எல்லா கருவிகளும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு இணைந்த சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். மானிட்டரிங் சர்வர் கடிகாரம் தப்பாக இருந்தால் கிராஃபும் தப்பு, ஆகவே இது நமக்கே நல்லது.

பேக்கப் எடுத்தா விடிய விடிய ஓடுது. எப்படி எடுக்கணும்?

ஹிஸ்டரி, ட்ரெண்ட்ஸ் டேபிள்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தினமும் எடுங்கள். ஹோஸ்ட் (ஜாபிக்ஸில் கண்காணிக்கும் பெட்டி), டெம்ப்ளேட், ட்ரிகர் (இங்கே எச்சரிக்கை நிபந்தனை), பயனர் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு எம்பி தாண்டாது, சில நிமிடத்தில் முடியும். விட்ட டேபிள்களின் அமைப்பை மட்டும், டேட்டா இல்லாமல், கூட எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மீட்கும்போது சர்வர் எழாது. ட்ரெண்ட்ஸ் வேண்டுமானால் வாரம் ஒரு முறை. எடுத்ததை வேறு மெஷினில் ஒரு தடவையாவது ஏற்றிப் பாருங்கள்.

6.0ல இருந்து 7.0க்குப் போகணும். பயமா இருக்கு.

பயம் நல்லதுதான். புதிய சர்வர் முதல் முறை எழும்போது டேட்டாபேஸ் அமைப்பைத் தானே மாற்றும். பெரிய டேபிள் இருந்தால் நேரம் ஆகும், அப்போது அதை நிறுத்தவே கூடாது. மாறிய பிறகு பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழியில்லை, பேக்கப் ஒன்றுதான் கதி. அதனால் இந்த ஒரு முறை மட்டும் ஹிஸ்டரியோடு சேர்த்து முழுதாக எடுங்கள். டேட்டாபேஸ் வெர்ஷனும் புதிய ஜாபிக்ஸ் கேட்கும் அளவுக்கு இருக்கிறதா என்று முன்னதாகப் பாருங்கள். ப்ராக்ஸிகளையும் அதே சனிக்கிழமையே மாற்றிவிடுங்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து வருடம் ஆதரவு உண்டு, இடையில் வரும் ஒவ்வொரு பதிப்பின் பின்னாலும் ஓட வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. மானிட்டரிங் சர்வரே செத்துட்டா யார் சொல்லுவா?

டேட்டாபேஸ் மட்டும் விழுந்தால் ஜாபிக்ஸ் சர்வரே சொல்லும். டேட்டாபேஸ் இறங்கிய செய்தி எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்று பொது அமைப்புகளில் ஒரு இடம் இருக்கிறது, அதில் உங்கள் குழு இருக்கிறதா பாருங்கள். மெஷினே விழுந்தால் வெளியிலிருந்துதான் யாராவது பார்க்க வேண்டும். நான் கோயம்புத்தூர் ஆபீசில் ஒரு மூலையில் இருக்கும் மெஷினில் பத்து வரி ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜாபிக்ஸ் முகப்பைத் தட்டிப் பார்க்கும், கடைசி மதிப்பு எப்போது எழுதப்பட்டது என்று கேட்கும். பத்து நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் எனக்கும் அங்கே இருக்கும் தம்பிக்கும் செய்தி அனுப்பும். போன வருடம் இரண்டு தடவை அனுப்பியது. ஒன்று யுபிஎஸ் பேட்டரி, இன்னொன்று மறுபடியும் டிஸ்க்.